உச்சிக்கு வரும் வெள்ளி

இந்தத் தை அமாவாசை இரவு முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே உள்ள எங்கள் வயலில் காவல் இருந்தேன். காலபோக நெல் கதிர் முற்றித் தலை சாய்த்து நிற்கிற நாட்கள். இந்த வாரங்களில் ஓர் இரவு கண் அயர்ந்தாலும் யானையோ பன்றியோ இறங்கி நாலு மாத உழைப்பை உழக்கிவிட்டுப் போய்விடும். பரணில் எனக்குத் துணையாக அக்காவின் மகன் வந்திருந்தான். பத்தாம் வகுப்புப் படிக்கிறான். யானைவெடியும் ரோச் லைற்றும் பக்கத்தில் இருக்க, பனிக்குப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு இரண்டு பேரும் மல்லாந்து படுத்திருந்தோம்.

மாரி மழை ஓய்ந்து வானம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. ஒன்பது மணி இருக்கும். அவன் கையை நேரே மேலே நீட்டி, "மாமா, உச்சியில நிக்கிற அந்த வெள்ளிக்குப் பேர் இருக்கோ?" என்று கேட்டான்.

இருக்கிறது. தாபித் என்பது அந்த விண்மீனின் பெயர். நிலைத்து நிற்பது என்று பொருள் தரும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. வானியல் நூல்களில் அதைப் பை-3 ஓரியோனிஸ் என்று எழுதுவார்கள். 1603-இல் ஜொகான் பேயர் என்ற ஜெர்மானியர் தம் வான்படத்தில் விண்மீன்களுக்குக் கிரேக்க எழுத்துகளைச் சூட்டினார். அந்தப் 'பை' அங்கிருந்து வந்தது. ஓரியன் என்பது நாம் திருவாதிரையும் மிருகசீரிடமும் பார்க்கிற அதே கூட்டம்தான்.

அன்றிரவு பாதியில் பன்றி வந்ததால் அவனுக்கு எல்லாவற்றையும் சொல்லி முடிக்கவில்லை. சொன்னதையும் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். வானியல் படிக்காதவர்களும் இந்த ஒரு விண்மீனை வைத்துக்கொண்டு நிறையப் புரிந்துகொள்ளலாம் என்பது என் நம்பிக்கை.

முதலில் அதைக் கண்டுபிடிக்கிற வழி. ஓரியனின் நடுவில் ஒரே கோட்டில் நிற்கும் மூன்று வெள்ளிகள் எல்லோருக்கும் தெரியும். அதற்கு வடக்கே இரண்டு தோள்கள். கிழக்குத் தோள் செந்நிறமான திருவாதிரை. மேற்குத் தோள் பெலாட்ரிக்ஸ். பெலாட்ரிக்ஸிலிருந்து மேற்கே, கையை நீட்டிப் பிடித்த முட்டியின் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்தால், வடக்குத் தெற்காக ஆறு மங்கலான வெள்ளிகள் வில் போல வளைந்து நிற்கும். அந்த ஆறும் பை-1 முதல் பை-6 வரை. அவற்றில் பிரகாசமானது மூன்றாவது, தாபித்.

வன்னியில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. இந்த விண்மீன் வான நடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 7 பாகை வடக்கே இருக்கிறது. மாங்குளம், ஒட்டுசுட்டான், கிளிநொச்சி எல்லாம் பூமியின் நடுக்கோட்டுக்கு 9 பாகைக்குச் சற்று மேலே. ஆகவே அது நம் ஊரைக் கடக்கும்போது தலை உச்சியிலிருந்து இரண்டு பாகைக்கு மேல் கொஞ்சம்தான் விலகும். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் மறைக்கிற அகலம், அவ்வளவுதான். கொழும்பிலிருந்து பார்த்தால் இன்னும் நேர் உச்சி. ஆனால் அந்த ஊர் வெளிச்சத்தில் மூன்றாம் பிரகாசத் தரத்து வெள்ளியைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. முத்தையன்கட்டின் இருட்டில் அது தானாகவே கண்ணுக்கு வந்தது.

சரி, இது எப்படிப்பட்ட விண்மீன்? 'மஞ்சள்வெண் முதன்மை வரிசை விண்மீன்' என்று வகைப்படுத்துகிறார்கள். இந்த நீண்ட பெயரில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. மஞ்சள்வெண் என்பது அதன் சூட்டைச் சொல்கிறது. முதன்மை வரிசை என்பது அதன் வாழ்க்கைப் பருவத்தைச் சொல்கிறது. இந்த இரண்டும் தெரிந்தால் மீதியெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிடும்.

நிறத்தை விளங்கிக்கொள்ளக் கொல்லன் பட்டறைக்குப் போனால் போதும். மண்வெட்டி அடிக்க இரும்பைக் கரி நெருப்பில் வைத்துத் துருத்தி ஊதுகிறார். முதலில் அடர் சிவப்பு. இன்னும் ஊதினால் செம்மஞ்சள், பிறகு மஞ்சள், கடைசியில் கண் கூசுகிற வெண்மை. கொல்லனுக்கு வெப்பமானி தேவையில்லை. நிறத்தைப் பார்த்தே எப்போது எடுத்து அடிப்பது என்று அவருக்குத் தெரியும். வானியலாளர் விண்மீனைப் பார்க்கும் பார்வையும் இதே வகைதான். திருவாதிரை சிவந்திருக்கிறது, அதன் மேற்பரப்பு மூவாயிரத்துச் சொச்சம் பாகை செல்சியஸ். ஓரியனின் காலில் நீலம் கலந்த வெண்மையாகத் தெரியும் ரைஜல் பன்னிரண்டாயிரம் அளவில் இருக்கிறது. நம் சூரியன் ஏறத்தாழ 5,500. தாபித் சுமார் 6,200. சூரியனைவிடச் சூடு கூடியது, ஆகவே சூரியனைவிட ஒரு படி வெண்மை.

மஞ்சள்வெண் என்று பெயர் இருப்பதால் அதில் மஞ்சள் தேடிக் கண்ணைக் கசக்க வேண்டாம். வெறும் கண்ணுக்கு அது வெள்ளையாகத்தான் தெரியும். சூரியனுங்கூட வளிமண்டலத்துக்கு வெளியே போய்ப் பார்த்தால் வெள்ளைதான்.

நிறத்தைவிட நுணுக்கமான சாட்சி நிறமாலை. விண்மீனின் ஒளியை வானவில் போல விரித்துப் பார்த்தால் இடையிடையே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். விண்மீனின் மேலடுக்கில் இருக்கும் அணுக்கள் தமக்குரிய நிறத்தை விழுங்கிக்கொண்ட தடங்கள் அவை. ஐதரசனுக்கு ஒரு கோட்டுக் கூட்டம், இரும்புக்கு இன்னொன்று. ஹார்வார்ட் வான்நிலையத்தில் ஆனி ஜம்ப் கெனன் என்ற பெண்மணி இந்தக் கோடுகளைப் பார்த்து விண்மீன்களை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற வரிசையில் அடுக்கினார். ஓ மிகச் சூடானது, எம் மிகக் குளிர்ந்தது. 1918 முதல் 1924 வரை வெளிவந்த ஹென்றி டிரேப்பர் பட்டியலில் அவர் வகைப்படுத்திய விண்மீன்கள் இரண்டேகால் இலட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றும் கண்ணாடித் தட்டில் பதிந்த ஒரு சிறு கோட்டுத் தொகுதி. அத்தனையையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டார். அவருக்குக் காது கேட்பது மிகக் குறைவு. இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வரும்.

அந்தப் பட்டியலில் தாபித்தின் எண் 30652. அதன் வகை எஃப்6. சூரியன் ஜி2. ஒவ்வொரு எழுத்தையும் பூச்சியம் முதல் ஒன்பது வரை பத்துப் படிகளாகப் பிரிக்கிறார்கள் என்பதால், எஃப்6-இலிருந்து ஜி2 ஆறு படி இறக்கம். எஃப் வகையின் நிறமாலையில் ஐதரசன் கோடுகள் மெலியத் தொடங்கும், கல்சியத்தின் இரண்டு கோடுகள் தடிக்கத் தொடங்கும். வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பில் இருக்கும் அதே கல்சியம்! இவ்வளவு தூரத்தில் இருக்கிற ஒன்றின் மேனியில் அது இருப்பதை இங்கிருந்தே சொல்ல முடிகிறதென்றால் அது சின்ன விஷயமா?

1943-இல் மோர்கன், கீனன், கெல்மன் என்ற மூவர் அமெரிக்காவில் ஒரு நிறமாலைத் தொகுப்பை வெளியிட்டார்கள். ஒவ்வொரு வகைக்கும் இதுதான் அளவுகோல் என்று சில விண்மீன்களைத் தெரிந்தெடுத்தார்கள். எஃப்6 முதன்மை வரிசைக்குத் தாபித் அளவுகோலாக நின்றது, இன்றைக்கும் நிற்கிறது. புதிதாக ஒரு விண்மீனைப் பார்ப்பவர் அதன் கோடுகளை இதன் கோடுகளோடு ஒப்பிட்டு, 'இது எஃப்6' என்கிறார். கடைக்காரரின் படிக்கல் போல.

இனி முதன்மை வரிசை. இதுதான் முக்கியமான பகுதி.

விண்மீன் எரிகிறது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். விறகு எரிவதற்கு ஒட்சிசன் வேண்டும். விண்மீனுக்குள் நடப்பது வேறு. அதன் நடுவில் கோடிக்கணக்கான பாகை சூட்டில் ஐதரசன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று மோதி, நான்கு சேர்ந்து ஓர் ஈலியக் கருவாகின்றன. சேர்ந்த பிறகு நிறையில் சிறு பங்கு குறைந்திருக்கும். குறைந்த அந்தப் பங்குதான் சக்தியாக வெளிவருகிறது. சூரியனுக்குள் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 60 கோடி தொன் ஐதரசன் இப்படி மாறுகிறது. தாபித்துக்குள் அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இவ்வளவு நடந்தும் விண்மீன் ஏன் வெடித்துச் சிதறவில்லை? பொங்கல் அடுப்பை நினைத்துப் பாருங்கள். பால் பொங்கி வழியப் போகும்போது அம்மா விறகைச் சற்று வெளியே இழுப்பார். பொங்கல் அடங்கினால் திரும்ப உள்ளே தள்ளுவார். விண்மீன் இந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது. நடுவில் சூடு கூடினால் அந்தப் பகுதி விரியும். விரிந்தால் குளிரும், கருக்கள் மோதுவது குறையும். சூடு குறைந்தால் தன் பாரத்தாலேயே அமுங்கும். அமுங்கினால் மீண்டும் சூடேறும். உள்ளே இழுக்கும் ஈர்ப்பும் வெளியே தள்ளும் அமுக்கமும் இப்படிச் சமநிலைக்கு வந்து, நடுவில் ஐதரசன் இருக்கும்வரை நிதானமாக நீடிக்கிற காலம்தான் முதன்மை வரிசைக் காலம். விண்மீனின் வாழ்நாளில் பெரும்பகுதி இதுதான். சூரியனும் இப்போது இந்தப் பருவத்தில்தான் இருக்கிறது.

இந்தப் பருவத்தில் இருக்கும் ஒரு விண்மீனுக்கு நிறையைத் தெரிந்துகொண்டால் சூடு, பருமன், ஒளி, ஆயுள் எல்லாவற்றையும் ஏறக்குறையச் சொல்லிவிடலாம். நிறை கூடினால் நடுப்பகுதியை அமுக்கும் பாரம் கூடும், சூடு கூடும், இணைவு வேகமெடுக்கும், மேற்பரப்பும் வெண்மையாகும். இதனால்தான் நிறத்தை ஒரு நுனியாகப் பிடித்து இழுத்தால் மற்றதெல்லாம் கூடவே வருகிறது.

தாபித்தின் நிறை சூரியனைப்போல் சுமார் ஒன்றேகால் மடங்கு. குறுக்களவு சுமார் 1.32 மடங்கு. கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலையில் ஆறு தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாகச் சேர்த்து இத்தகைய விண்மீன்களின் பருமனை நேராகவே அளக்கிறார்கள். இந்தக் குறுக்களவிலிருந்து ஒரு சின்னக் கணக்கு போடலாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும். மேற்பரப்பு எவ்வளவு பெரிது? 1.32-ஐ 1.32-ஆல் பெருக்கினால் 1.74. ஒவ்வொரு சதுர மீற்றரும் எவ்வளவு ஒளி விடுகிறது? அது வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. தனிப்பூச்சிய அளவில், அதாவது செல்சியஸோடு 273 கூட்டினால் வரும் கெல்வின் கணக்கில், தாபித் சுமார் 6,500, சூரியன் 5,772. விகிதம் 1.13. அதை நான்கு தரம் பெருக்கினால் 1.63. இரண்டையும் பெருக்குங்கள், 2.8 வரும். அதாவது சூரியனைப்போல் 2.8 மடங்கு ஒளி. நிறை கால்வாசிதான் கூட, ஒளியோ மூன்று மடங்கை நெருங்குகிறது.

இந்த இடத்தில் எனக்கு ஜாம் போத்தல் விளக்கு ஞாபகம் வரும். போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலத்தில் வன்னியில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயின் விலை கேட்டாலே நெஞ்சு பதறும். ஒரு ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு, சிறு திரி போட்டு ஏற்றுவோம். பொட்டு அளவு சுடர். அந்த வெளிச்சத்தில் நானும் அக்காவும் தலையோடு தலை முட்டப் படித்தோம். அரிக்கன் லாம்பில் எண்ணெய் கூடக் கொள்ளும், ஆனால் திரி அகலம், குடிக்கிற எண்ணெயும் அதிகம். அதனால் சிறு விளக்குதான் எண்ணெயை மிச்சம் பிடித்து இரவு முழுக்க நின்றது.

விண்மீன்களின் கணக்கும் இதுவே. சூரியனின் முதன்மை வரிசைக் காலம் சுமார் 1,000 கோடி ஆண்டுகள். தாபித்திடம் எரிபொருள் ஒன்றேகால் பங்கு இருக்கிறது, செலவோ 2.8 பங்கு. 1.25-ஐ 2.8-ஆல் வகுத்தால் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஆகவே அதன் காலம் 400, 500 கோடி ஆண்டுகள் என்ற அளவில் முடியும். செங்குறுமீன்கள் எனப்படும் மங்கலான, சிவந்த சிறு விண்மீன்கள் ஜாம் போத்தல் விளக்குகள். அவை சூரியனைவிடப் பல மடங்கு காலம் நிற்கும்.

தாபித் இப்போது இளமையில் இருக்கிறது, சூரியனைவிட வயது குறைவு. இதே எஃப் வகையில் இன்னும் அருகே, பதினொன்றரை ஒளியாண்டில், புரோசியோன் என்ற பிரகாசமான விண்மீன் உண்டு. பலரும் உதாரணத்துக்கு அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் அது தன் நடுப்பகுதி ஐதரசனைத் தீர்க்கும் கட்டத்துக்கு வந்து, முதன்மை வரிசையை விட்டு விலகத் தொடங்கிவிட்டது. முதன்மை வரிசையை விளக்க அதை எடுப்பது, விளைந்து காயத் தொடங்கிய கதிரைக் காட்டிப் பச்சைப் பயிரை விளக்குவது போலாகும்.

இன்னொரு வித்தியாசம் சுழற்சி. சூரியன் தன் நடுக்கோட்டில் ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 25 நாள் எடுக்கும். தாபித் நான்கு நாளுக்குள் சுற்றிவிடுகிறது. சூரியனின் வெளிப்பகுதி, உலையில் அரிசி கொதிப்பது போல, ஆழத்திலிருந்து மேலும் கீழுமாகப் புரண்டுகொண்டிருக்கிறது. அந்தப் புரளல் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தக் காந்தப் புலம் வெளியேறும் துகள் காற்றைப் பிடித்துக்கொண்டு காலப்போக்கில் சுழற்சிக்குத் தடை போடுகிறது. எஃப் வகையில் இந்தப் புரளும் அடுக்கு மெல்லியது. தடை பலவீனம், வேகம் குறையவில்லை.

அதைச் சுற்றிக் கோள் உண்டா? இதுவரை ஒன்றும் உறுதியாகவில்லை. ஆனால் பூமி போன்ற இதமான சூடு எங்கே கிடைக்கும் என்று சொல்லலாம். 2.8-இன் வர்க்கமூலம் 1.67. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப்போல் 1.67 மடங்கு தள்ளி, நம் கணக்கில் செவ்வாயைத் தாண்டி.

அப்புறம், தூரம். ஏ-9 வீதியில் பஸ்ஸில் போகும்போது யன்னலோரப் பனைகள் விர்ரென்று பின்னோக்கி ஓடும். தொலைவில் இருக்கும் காடு அசையாததுபோல நிற்கும். பூமியும் ஒரு பஸ்தான். ஆறு மாதத்தில் சூரியனின் அந்தப் பக்கத்துக்குப் போய்விடுகிறது. அப்போது அருகில் உள்ள விண்மீன், தொலைவில் உள்ளவற்றின் பின்னணியில் மிகச் சிறிதே இடம் மாறித் தெரியும். இதை முதன்முதலில் 1838-இல் பெசல் வேறொரு விண்மீனுக்கு அளந்து வெளியிட்டார். தாபித்துக்கு ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் மிகத் துல்லியமாக அளந்தது. பூமியின் பாதையில் பாதி அகலத்துக்கு, அதாவது சூரியனிலிருந்து பூமிவரை உள்ள தூரத்துக்கு, அது காட்டும் கோணம் 0.124 விகலை (ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை). கிளிநொச்சியில் நின்றுகொண்டு மாங்குளத்தையும் தாண்டி, 33 கிலோமீற்றர் தொலைவில் யாரோ பிடித்திருக்கும் இரண்டு சென்றிமீற்றர் அகல நாணயத்தைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாணயத்தின் அகலம்தான் அந்தக் கோணம்.

கணக்கிட்டால் 26.3 ஒளியாண்டு. கிலோமீற்றரில் ஏறக்குறைய 250 இலட்சம் கோடி. இது மிகக் கிட்டிய தூரம் என்றால் நம்பக் கடினம்தான். ஆனால் அதே வில்லில், அதே வரிசையில், கொஞ்சம் மங்கலாகத் தெரியும் பை-4, பை-5 இரண்டும் ஆயிரம் ஒளியாண்டு அளவில் இருக்கின்றன. ஒன்று நம் படலையடியில் தொங்கும் லாம்பு. மற்றவை குளத்துக்கு அக்கரையில் எரியும் காட்டுத்தீ. இங்கிருந்து பார்க்க இரண்டும் ஒரே பிரகாசம் போலத் தெரிகின்றன.

அருகில் இருப்பதால் அது நகர்வதும் தெரிகிறது, ஆண்டுக்கு அரை விகலைக்குச் சற்றுக் குறைவாக. முழுநிலவின் அகலத்தைக் கடக்க நாலாயிரம் ஆண்டு எடுக்கும்.

ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் போகும் தூரம். ஆகவே அன்று பரணில் எங்கள் கண்ணில் பட்ட ஒளி, தாபித்தை விட்டுப் புறப்பட்டது 1999-இன் பிற்பகுதியில். அப்போது என் மருமகன் பிறக்கவேயில்லை. அவன் தாய்க்கு அவன் இப்போதைய வயது. இடம்பெயர்ந்து ஒரு கொட்டிலில் இருந்தோம், ஜாம் போத்தல் விளக்கை ஊதி அணைத்துவிட்டு முற்றத்துப் பாயில் படுப்போம். அப்பா திருவாதிரையைக் காட்டித் தந்தது அந்த முற்றத்தில்தான். தாபித்தை அவருக்குத் தெரியாது. தை அமாவாசையன்று அவருக்குப் படைத்துவிட்டுத்தான் நான் காவலுக்குப் போனேன்.

மருமகனுக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தான். பிறகு, "அப்ப இண்டைக்கு அதில இருந்து வெளிக்கிடுற வெளிச்சம் எப்ப மாமா இங்க வரும்?" என்றான். 2052-இல் என்றேன். அவன் விரல் விட்டுத் தன் வயதை எண்ணத் தொடங்கினான். அந்த நேரம்தான் வாய்க்கால் பக்கம் பன்றி உறுமியது.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு நேரக் கணக்கு: தைப்பொங்கலன்று இரவு ஒன்பதரைக்குச் சற்று முன் உச்சிக்கு வரும். ஒவ்வொரு நாளும் நான்கு நிமிடம் முந்தும். மாசி பிறக்கும்போது ஏழரை மணிக்கே தலைக்கு மேல் நிற்கும். நிலவில்லாத இரவாகப் பார்த்து, முற்றத்து லைற்றை அணைத்துவிட்டு, பாயில் மல்லாந்து பத்து நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள்.